ரெண்டு பொட்டலம் அரளி

ஆகஸ்ட் 4, திங்கள்

கூரியர்காரன் நான் டெலிபோன் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனான். சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. ஒரு முனையில் வாய் மாதிரி வட்டக் குழி, முதுகில் ஒரே ஒரு பொத்தான். அனுப்பியவர் அம்பாசமுத்திரம் வெள்ளப்பாண்டி. பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறவர், பிறவியிலேயே பார்வை இல்லை. எனக்கு எட்டு வயது வரை இருந்தது, அம்மை போட்டுப் போய்விட்டது. ஆறு மாதமாகப் போனில் பேசிக்கொள்கிறோம். இதற்கு மேல் அவரைப் பற்றி இன்று எழுதுவதாக இல்லை.

பெட்டியின் வாயை ஒரு பொருளின் மேல் அழுத்திப் பொத்தானை அமுக்கினால் அதன் நிறத்தைச் சொல்கிறது. தமிழ் தெரியாது, வெள்ளைக்காரி குரலில் இங்கிலீஷ். டெலிபோன் மேசையில் வைத்தேன், "பிரவுன்" என்றாள். ரிசீவர், "பிளாக்." இருபத்தாறு வருஷம் கழித்து ஒரு நிறத்தை யாரையும் கேட்காமல் தெரிந்துகொண்டேன். சந்தோஷத்தில் ரெண்டு போன்கால்களைத் தப்பான வார்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

கட்டியிருந்த புடவையில் வைத்தேன். "கிரே" என்றாள். போன தீபாவளிக்கு மதினி எடுத்துக் கொடுத்த வாடாமல்லிப் புடவை இது. புதுப் பெட்டி, இனிமேல்தான் பழகும்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, கைப்பையிலேயே இருக்கட்டும். நான் விரலால் தடவிப் படிக்கிற இந்தப் புள்ளி எழுத்தும் அப்படித்தான். நடு வீட்டில் விரித்துப் போட்டாலும் அண்ணனும் மதினியும் ஓட்டை விழுந்த காகிதம் என்று தாண்டிப் போவார்கள். பூட்டுத் தேவைப்படாத நாட்குறிப்பு என்னுடையதுதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மத்தியானம் போன் ஓய்ந்திருந்த நேரத்தில் அவரைக் கூப்பிட்டு, "உங்க வெள்ளைக்காரி பொய் சொல்லுதா" என்றேன்.

"வெள்ளைப் பேப்பர் காட்டுனீங்களா?"

"அது எதுக்கு?"

"தினம் காலைல ஒரு வெள்ளைப் பேப்பர்ல வெச்சு, தாயே இதுதான் வெள்ளைன்னு சொல்லிக் குடுக்கணும். இல்லேன்னா அவ சொல்லுதது எல்லாமே கோணலாத்தான் இருக்கும்."

எங்கள் வீட்டு ஆட்களுக்கும் அப்படி ஒரு பேப்பர் கிடைத்தால் தேவலை என்றேன். சிரித்தார். பிறகு விளக்கினார். உள்ளே சின்னதாக ஒரு வெள்ளை லைட்டு இருக்கிறதாம். அது பொருளின் மேல் அடிக்கும். பொருள் தனக்கு வேண்டிய வெளிச்சத்தை முழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தரும். திரும்பி வருவதைப் பிடிக்க மூன்று கண். ஒன்று சிவப்பை மட்டும் உள்ளே விடும், ஒன்று பச்சையை, ஒன்று நீலத்தை. மாவு சலிக்கிற மூன்று சல்லடை என்று நான் புரிந்துகொண்டேன். எதில் எவ்வளவு விழுந்தது என்று பெட்டி அளந்து, தனக்குத் தெரிந்த பெயர்களில் கிட்டத்தில் இருப்பதைச் சொல்லும். வாயை இடைவெளி இல்லாமல் ஒட்டி அழுத்த வேண்டும், வெளி வெளிச்சம் நுழைந்தால் கணக்குக் கெடும்.

"எனக்குச் செவப்புன்னா இந்தப் பெட்டி சொல்லுத ஒரு சொல்லு, அவ்வளவுதான்" என்றார். "உங்களுக்குத்தான் அது நெறம். அதனாலதான் உங்களுக்கு ஒண்ணு வாங்கி அனுப்புனேன்."

நான் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவரே பேச்சை மாற்றினார். "பேரு வெள்ளப்பாண்டியா, சரி எவ்வளவு வெள்ளைன்னு கையில வெச்சுப் பாத்தேன். டார்க் பிரவுன்னுட்டா. எங்க அம்மையைக் கேட்டா, அந்தப் பெட்டியைத் தூக்கிக் குப்பையில போடுலேங்கா."

ஆகஸ்ட் 7, வியாழன்

நாலரைக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றிவிட்டு, மதினி எழுவதற்குள் சமையல்கட்டில் ஆராய்ச்சி. பேப்பர் காட்டித்தான் ஆரம்பித்தேன். மிளகாய் வத்தல், "ரெட்." மஞ்சள்தூள், "எல்லோ." எவர்சில்வர் டம்ளர் முதலில் "வொயிட்", திருப்பி வைத்தால் "பிளாக்." பளபளப்பு ஆகாது போல.

மல்லிகைப்பூதான் படுத்திவிட்டது. ஓர் இதழை உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன், "பிரவுன்." மல்லிகையாவது பிரவுனாவது! அவரிடம் கேட்டேன். இதழ் மெல்லிசு, லைட்டு அதைத் துளைத்துக்கொண்டு போய் என் கையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது என்றார். பத்து இதழை அடுக்கி வைத்தேன். "வொயிட்." கோளாறு அவளிடம் இல்லை, நான் வைத்த விதம்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

துவைத்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடிப்பது என் வேலை. மதினிக்கு இடுப்பு வலி. அண்ணன் சந்தைக்குப் போயிருந்தான். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.

என் புடவைகள்: கிரே. பிரவுன். கிரே. டார்க் பிரவுன். கிரே. இவற்றில் ஒன்று கிளிப்பச்சை, ஒன்று மாம்பழ மஞ்சள், ஒன்று மயில் கழுத்து என்று மதினி சொல்லிக் கொடுத்தவை. மயில் கழுத்து ரெட்டை நிறம், நீளத்தில் ஒரு நூல் குறுக்கில் ஒரு நூல், திருப்பித் திருப்பி வைத்தால் வேறு வேறு பெயர் சொல்லும் என்று அவர் சொல்லியிருந்தார். எட்டுப் பக்கமும் திருப்பினேன். எட்டிலும் கிரே. பேப்பரை மறுபடி காட்டிவிட்டு மறுபடி வைத்தேன். கிரே.

கொடியின் கடைசியில் மதினி புடவை. "பர்ப்பிள்." மதினிக்கு வாடாமல்லி நிறம் பிடிக்கும் போல.

சாயங்காலம் முறுக்கு சுட்டேன். அண்ணனுக்கு மொறுமொறுப்பாக வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

பேட்டரி இறங்கியிருக்கலாம் என்று மாற்றிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

வார்டு ஆயா மாடத்தி அக்காவைக் கேட்டேன். "அக்கா, நான் கட்டியிருக்கது என்ன கலரு?"

"சாம்பல் தாயி. ஏன் கேக்க?"

"நேத்து கட்டுனது?"

"அதுவும் சாம்பல்தான். நீ எப்பவும் அதானே கட்டுதே. ஒனக்கு அதுதான் பிடிக்கும் போலன்னு நாங்க நெனச்சுக்கிட்டோம்."

சாம்பலில் அழுக்குத் தெரியாது. மதினி அதை நினைத்துத்தான் எடுத்திருப்பாள். வாடாமல்லி என்று சொன்னதும் என் மனசு சந்தோஷப்படட்டும் என்றுதான். அப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. அவர் அக்காவும் அத்தானும் பெண் கேட்டு வந்தார்கள். நான் போட்ட காபியை நல்லாயிருக்கு என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அண்ணன் மரியாதையாகத்தான் பேசினான். "அம்மன்கிட்ட உத்தரவு கேட்டுச் சொல்லுதோம்" என்றான்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணம் என்றால் வடக்குவாச்செல்வி அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்போம். ஒரு பொட்டலத்தில் செவ்வரளி, ஒன்றில் வெள்ளரளி. பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் கடையநல்லூரிலிருந்து ஒருவர் கேட்டு வந்தபோது சிவப்பு வந்தது. ஒரு வாரம் அழுதேன், அப்புறம் அம்மன் சொன்னால் சரி என்று விட்டுவிட்டேன். இந்தத் தடவை அப்படி விட முடியும் என்று தோன்றவில்லை. எனக்கு இவர் வேண்டும். எழுதிவிட்டேன்.

அவர்கள் போன பிறகு அண்ணன் சொன்னான். "நல்ல மனுசங்கதான். ஆனா ரெண்டு பேருக்கும் கண்ணு இல்லையே செல்வி. யாரு அடுப்பப் பத்த வைப்பா?"

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரமாயிற்று, உலை வைக்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அண்ணனே பூ வாங்கி, வாழையிலைத் துண்டில் பொதிந்து நாரால் கட்டிக் கொண்டுவந்தான். என் கையில் கொடுத்து வேண்டிக்கொள்ளச் சொன்னான். இரண்டும் ஒரே கனம், ஒரே வாசம். அரளி கைக்குத் தன் நிறத்தைக் காட்டாது.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். "செவப்பு வந்துருக்கு தாயி" என்றார். பாவம், அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

பிரித்த பூவையும் பிரிக்காத பொட்டலத்தையும் என் கையில் கொடுத்தார். அண்ணன் உடனே, "அத இங்க குடு, கெணத்துல போட்ருவோம்" என்றான்.

"அம்மன் பூ, எங்கிட்டயே இருக்கட்டும்" என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அவருக்குப் போன் பண்ணவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

டெலிபோன் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். முதலில் வெள்ளைப் பேப்பர். பிறகு அந்தப் பிரிக்காத பொட்டலம். நார் இறுக்கமாக இருந்தது, பல்லால் கடித்து அறுத்தேன்.

ஓர் இதழைக் கையில் வைத்தேன். "பிரவுன்." என் கையைத்தான் சொல்கிறாள், தெரியும். இதழ்களைப் பிய்த்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, வாயை ஒட்ட அழுத்தினேன்.

"டார்க் பிங்க்."

பூசாரி பிரித்த பூவை அடுக்கினேன். "டார்க் பிங்க்."

வெள்ளைக்காரி செவ்வரளியைப் பிங்க் என்றுதான் சொல்வாள், அவள் ஊரில் அதற்குப் பெயர் அப்படி. ஆனால் இரண்டும் எப்படி? கைப்பையில் குங்குமம் சிந்தியிருக்கும். பைப்பில் கழுவித் துடைத்து மறுபடி வைத்தேன். டார்க் பிங்க்.

வாடின வெள்ளைப் பூ நிறம் மாறியிருக்கலாம். அதைப் பார்த்துவிடாமல் யார் மேலும் பழி போடக் கூடாது. ஆஸ்பத்திரி மதிலோரம் வெள்ளரளி நிற்கிறது. மாடத்தி அக்காவிடம் சொல்லி ஒரு கை பறித்து வாங்கி, இலையில் பொதிந்து, அதே கைப்பையில் போட்டிருக்கிறேன். அதுவும் ஒரு நாள் வாடட்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வாடின வெள்ளரளி, பத்து இதழ் அடுக்கி, மூன்று தடவை: "லைட் எல்லோ." "லைட் எல்லோ." "லைட் எல்லோ."

ஆகஸ்ட் 25, திங்கள்

கடையநல்லூர்க்காரருக்கு இப்போது ரெண்டு பிள்ளைகளாம். அந்தச் சிவப்பைப் பற்றி நான் இங்கே எழுத விரும்பவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. மாவு பதமாக வந்தது. மதினி, "ஒன் கை பக்குவம் யாருக்கும் வராது தாயி" என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அடுப்புப் புகை என்றேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அவரே கூப்பிட்டார். அண்ணன் தகவல் சொல்லி அனுப்பிவிட்டானாம்.

"அம்மன் வேண்டாம்னுட்டாளாமே" என்றார். விளையாட்டுப் பேச்சு இல்லாத அவர் குரலை முதல் தடவையாகக் கேட்டேன்.

"இன்னொரு தடவை கேக்கப் போறேன்."

"ஒரு வாரத்துல அம்மன் மனசு மாறுமா?"

"அம்மன் இன்னும் பேசவே இல்ல" என்றேன். அவர் என்ன ஏது என்று துருவவில்லை. அதற்காகவே அவரை எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. என் வீட்டு மானத்தை அவரிடம் நான் எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் காபியைக் கொடுத்துவிட்டு அண்ணன் எதிரே உட்கார்ந்தேன். "அண்ணே, இன்னொரு வாட்டி பூக்கட்டிப் பாக்கணும்."

"அம்மன்கிட்ட அடம் பிடிக்கக் கூடாதுட்டி."

"அடம் இல்ல. கேக்கேன், அவ்வளவுதான். பொட்டலத்தை இந்த வாட்டி நான் கட்டுதேன். எனக்குத்தானே கல்யாணம்."

சிரித்தான். "ஒனக்கு எது செவப்பு, எது வெள்ளைன்னு எப்படித் தெரியும்?"

கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்தேன். கை நீட்டி அவன் தோளைத் தொட்டுப் பிடித்து, சட்டையில் வைத்து அமுக்கினேன். "லைட் ப்ளூ" என்றாள் வெள்ளைக்காரி.

காபி டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. வாசல்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மதினியின் கையும் நின்றுவிட்டது. என்ன, ஏது, யார் கொடுத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வீட்டுக்குள் ஒரு புதுச் சாமான் வந்தால் முதல் கேள்வி அதுவாகத்தானே இருக்க வேண்டும்!

"சரி, வர்ற வெள்ளிக்கெழம போவோம்" என்றான் கடைசியில். காபியை மிச்சம் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். அவன் காபியை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

பஸ் ஸ்டாண்டுப் பூக்காரியிடம் அரளி வாங்கினேன், சிவப்பும் வெள்ளையும் கலந்து. "பிரிச்சுத் தரட்டா தாயி?" என்றாள். வேண்டாம் என்றேன். ராச் சாப்பாட்டுக்கு முன் மொட்டைமாடியில் உட்கார்ந்து, நாலைந்து பூவாக அடுக்கி அடுக்கி வைத்துப் பிரித்தேன். இரண்டு பொட்டலம் கட்டினேன். மீதிப் பூ துளசிமாடத்துக்கு.

அம்மன் கோபப்படுவாளோ என்று நிஜமாகவே பயந்தேன். பிறகு, அவளும் என்னைப் போல ரெண்டு தடவை ஏமாந்தவள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

விடிந்ததும் மதினி என் கட்டிலுக்கு வந்தாள். ஒரு புடவையை மடியில் வைத்தாள். "இதக் கட்டிக்கிட்டுப் போ தாயி" என்றாள். நிறத்தின் பெயரைச் சொல்லவில்லை. அவள் போன பிறகு பெட்டியை வைத்துப் பார்த்தேன். "பர்ப்பிள்." நம்பிக்கை இல்லாமல் இல்லை, பழக்கமாகிவிட்டது.

கோயிலில் கூட்டமில்லை. பொட்டலங்களை நானே அம்மன் காலடியில் வைக்கக் கொடுத்தேன். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார் என்று மதினி காதில் சொன்னாள். இலை பிரிந்தது.

"வெள்ளை! வெள்ளை தாயி!" பூசாரி என்னைவிடச் சந்தோஷப்பட்டார். குங்குமம் கொடுத்து, பிரித்த பூவையும் பிரிக்காத பொட்டலத்தையும் தட்டில் வைத்து அண்ணனிடம் நீட்டிவிட்டு, அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

அண்ணன் பெருமூச்சு விட்டான். "சரி, அம்மனே சொல்லிட்டா. நான் என்ன சொல்ல" என்றான்.

"அந்த இன்னொண்ணையும் பிரிச்சுப் பாரு அண்ணே."

"அதான் வெள்ளை வந்துட்டே. அது எதுக்கு? கெணத்துல போட்ருவோம்."

"பிரி."

நாரை இழுக்கிற சத்தம். இலை சரசரத்தது. மணி அடித்து ஓய்ந்தது. யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

"என்ன கலருண்ணே?"

பெட்டியை எடுத்து நீட்டினேன். "சொல்ல வரலேன்னா இதை வெச்சு அமுக்கு. அது சொல்லும்."

"வெள்ளை" என்றான். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல். "ரெண்டும் வெள்ளைதான்." பிறகு கேட்டான். "எப்பத் தெரியும் ஒனக்கு?"

"மறுநாளே தெரியும்."

"சாகும்போது அம்மை ஒன் கையைப் பிடிச்சு எங்கிட்ட குடுத்தா செல்வி. ஒன்ன எப்படி நான் அனுப்புவேன்? ரெண்டு பேருக்கும் கண்ணு இல்ல. ஒரு அவசரம்னா... யாரு அடுப்பப் பத்த வைப்பா?"

அவன் அழுவது கேட்டது. அது பொய் அழுகை இல்லை, எனக்கு அவன் அழுகை தெரியும். கோபமாக இருந்த எனக்கும் கண் கலங்கிவிட்டது. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் மதினி முந்திக்கொண்டாள்.

"இத்தன வருசமா நம்ம வீட்ல யாருங்க பத்த வைக்கா?" என்றாள்.

திரும்பி வரும்போது, தெருமுனை மேடு வந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த மேடு எனக்கு மனப்பாடம். பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

அம்மனிடம் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்று தடவையும் உன்னை யாரும் கேட்கவே இல்லை தாயே. கல்யாணத்துக்கு வந்து நேரில் சொல்லிவிடு.

சாயங்காலம் அவருக்குப் போன் பண்ணினேன். "வெள்ளை" என்றேன். அவர், "அந்த நெறம் எப்படி இருக்கும்னு இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார்.

செப்டம்பர் 6, சனி

நாலரைக்கு விழிப்பு வந்தது. சமையல்கட்டில் தீப்பெட்டி உரசுகிற சத்தம். மதினி அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். காபியில் சீனி அதிகம். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.